சாயாத சப்பரம்

மதுரைக்குப் போகப்போகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். ஒருத்திக்குச் சுங்குடிச் சேலை, இன்னொருத்திக்குத் தாழம்பூக் குங்குமம். பக்கத்து வளவுப் பிலோமினா மட்டும் ஒரு சின்னப் போத்தலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, தக்கை போட்டுக் கொண்டுவந்தாள். "மிக்கேல் சம்மனசானவரின்ரை விளக்கிலை எரியிற எண்ணெய் இதுக்குள்ளை கொஞ்சம் வேணும், ரீச்சரக்கா" என்றாள். பள்ளிக்கூட வாத்தியாரம்மா என்பதால் ஊரில் எனக்கு அந்தப் பேர். அவளுடைய மகள் ரீற்றா தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாலைக்கண்ணாகத் தொடங்கிய வியாதி, இப்போது பகலிலும் அந்தப் பிள்ளையை வழி தடவ வைத்துவிட்டது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

எண்ணெய் எரியும் கோயில் மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஊர்ப் பேரை நான் எழுதப்போவதில்லை. அங்கே திருவிழாவன்று சப்பரம் சாய்ந்து விழுந்ததாம். தொடக்கூடாத ஒருவன் தொட்டதால் விழுந்து, அவனையே கொன்றுவிட்டதாம். மேலே சிலையாக நின்ற தேவதூதர் மிக்கேல் சம்மனசானவரின் சுரூபத்துக்கோ ஒரு கீறல்கூட இல்லையாம். இந்தப் புதுமை, அற்புதத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், கடல் தாண்டி எங்கள் ஊர்வரை வந்துவிட்டது. ஓர் ஏழையைக் கொன்றுதான் சர்வேசுரன் புதுமை காட்டவேண்டுமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. நமக்கேன் அந்தப் பெரிய விஷயம் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. என் ஒரே தம்பி சவிரிமுத்து அந்தக் கிராமத்தில்தான் வாத்தியார். கோயிலில் உபதேசியாரும் அவன்தான். அங்கேயே நாட்டாமை இஞ்ஞாசியின் மகளைக் கட்டியிருந்தான். நாட்டாமை ஒரு புகையிலை வியாபாரி மூலம் எனக்குச் சொல்லியனுப்பினார்: "உங்கள் தம்பி புதுமையே நடக்கவில்லை என்று பேசுகிறார். கோர்ட்டிலும் சொல்லப்போகிறாராம். வந்து கூட்டிக்கொண்டு போங்கள், ஊர் அவரைச் சும்மா விடாது." தாய் செத்தபின் நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். எங்கள் பங்குப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு வேலையைப் பேசி முடித்துவிட்டுத்தான் கப்பலேறினேன். வழக்குக்கு முன்னே அவனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்பது என் திட்டம்.

கடல் அன்றைக்கு நல்ல குணத்தில் இல்லை. தனுஷ்கோடியில் இறங்கும்போது வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. சுங்கக்காரர் என் பெட்டியைக் கிளறி, போத்தலை எடுத்து, தக்கையைத் திறந்து மோந்து பார்த்தார். வெறும் போத்தலை எதற்குக் கடல் தாண்டிக் கொண்டுபோகிறாய் என்று கேட்டார். நிரப்பிக்கொண்டு வர என்றேன். யுத்தம் முடிந்தும் முடியாத காலம் அது. அரிசி, சர்க்கரை, துணி எதைக் கண்டாலும் அவர்களுக்குச் சந்தேகம். வெறுமையைக் கண்டும் சந்தேகப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மதுரையில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு காபி கிளப்பில் ஏறினேன். காபி என்று கொண்டுவந்து வைத்ததில் புளியங்கொட்டை வாடையும் கருப்பட்டியும் இருந்தன, காபியைத் தேடவேண்டியிருந்தது. இட்டலி மட்டும் பஞ்சுபோல் இருந்தது. எங்கள் ஊர்ப் புட்டுக்கும் சொதிக்கும் ஈடு சொல்லமாட்டேன், ஆனாலும் பசித்தவளுக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை. தனியாக வந்த பெண்பிள்ளை என்று நாலு பேர் என்னைப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை அடக்கும் பார்வை அது, நாலு பேரும் இலையைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார்கள்.

கிராமத்துக்குப் போகும் பஸ் கரி வாயுவில் ஓடுவது. பின்பக்கம் ஒரு பீப்பாயைக் கட்டிவைத்து, அதில் அடுப்புக்கரியைப் போட்டு, கண்டக்டர் வியர்க்க வியர்க்க விசிறியைச் சுற்றுகிறார். திருப்பரங்குன்றத்து மலை பக்கவாட்டில் தெரிந்துகொண்டிருக்கும்போதே சின்ன மேட்டில் வண்டி பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் உள்ளே இருந்து, எப்படித் தள்ளவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம்.

வண்டி நின்ற நேரத்தில் பேச்சு புதுமைக்குத் திரும்பியது. பக்கத்தில் இருந்தவள் நெற்றி நிறையத் திருநீறு பூசிய விவசாயி வீட்டுப் பெண். அவளும் மிக்கேல் சாமிக்கு மெழுகுதிரி கொண்டுபோகிறாள். "கையில வேல் வச்சிருக்காரு, றெக்க வச்சிருக்காரு, பொல்லாத சாமி. தொட்டவனை அங்கனயே அடிச்சுப் போட்டாருல்ல" என்றாள். பின்னால் ஒரு கிழவர், அந்த ஊர் வாத்தியார் ஒருத்தர் இதெல்லாம் பொய் என்கிறாராமே என்றார். அவன் பசுமலைப் புரொட்டஸ்டண்டுப் பாதிரிமாரிடம் கைநீட்டி வாங்கியிருப்பான், வேதத்தில் பிரிந்துபோனவர்களுக்குத்தான் சுரூபம் என்றால் ஆகாதே என்று இன்னொருத்தர் விளக்கம் சொன்னார். நான் யார் என்று யாருக்கும் சொல்லவில்லை. காது மட்டும் எரிந்தது.

நாட்டாமை இஞ்ஞாசி கெட்ட மனிதர் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அவர் என்னை உபசரித்த உபசாரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வெந்நீர் போட வைத்தார், கோழி அடிக்கச் சொன்னார். அரிசி கிடைக்காத நாளில் எனக்கு மட்டும் சோறு, அவருக்குக் கேப்பைக் களி. சாப்பிட்டபின் தாமே கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

கோயிலின் நடுவே குறுக்காக ஒரு மரக் கிராதி. முன்னே மேலத்தெருக்காரர், பின்னே கீழத்தெருக்காரர். நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதும் முன்னவர் வாங்கி முடித்தபிறகுதானாம். மூக்கைச் சுளிக்க எனக்கு உரிமை இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் கிராதி இல்லையே தவிர, யார் எங்கே முழந்தாளிடுவது என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

சப்பரத்தை ஒரு பக்கமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பிரான்சு தேசத்திலிருந்து வந்த சுண்ணாம்புச் சுரூபம்; சிறகு விரித்து, ஒரு கையில் ஈட்டியும் மறுகையில் தராசுமாக நின்றார் சம்மனசானவர். சப்பரத்தின் நான்கு மூலையிலும் கண்ணாடிக் குளோப்புகள். நாட்டாமை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். "பாருங்கம்மா, தராசுத் தட்டு கூட நெளியல. கண்ணாடி ஒண்ணு உடையல. இம்புட்டு உயரத்துல இருந்து சாஞ்சிருக்கு. இது புதுமை இல்லாம என்ன?" எனக்கு மெய் சிலிர்த்தது. என் புத்தியை என்னவென்று சொல்ல! அவரே போத்தலை வாங்கி விளக்கிலிருந்து எண்ணெய் மொண்டு நிரப்பி, துணியால் துடைத்துக் கொடுத்தார். கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

தம்பியைப் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்ந்து கிடந்தது, வேட்டி பழுப்பேறியிருந்தது, பேச்சும் மதுரைப் பேச்சாகியிருந்தது. ஊர் அவனைத் தள்ளிவைத்திருந்தது. நாவிதர் வருவதில்லை, வண்ணார் வருவதில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டின ஒரு அறையில் அவனும் மனைவி லூர்தும் இருந்தார்கள். லூர்துக்கு அது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டியவள், மூன்று தெரு தள்ளி இருக்கும் அந்த வீட்டுப் படியை மிதிக்க முடியாமல் இருந்தாள். என்னைக் கண்டதும் "வாங்க மதினி" என்றாள். எங்கள் ஊரில் மச்சாள் என்போம். இரண்டும் ஒன்றுதான், ஆனாலும் அந்தச் சொல்லில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கீழத்தெருப் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்து ஞானோபதேசம் பாடிக்கொண்டிருந்தார்கள். மேலத்தெருப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாட்டுச் சத்தத்துக்குள் தம்பி எனக்கு நடந்ததைச் சொன்னான். கீழத்தெருக்காரர் சப்பரத்துக்கு முன்னால் பறை அடிக்கலாம், தோளில் சுமக்கும் தண்டைத் தொடக்கூடாது, அது அந்த ஊர் வழக்கம். சின்னப்பன் என்ற ஒருவனுக்குப் பல வருஷம் கழித்து ஒரு பிள்ளை பிறந்தது. பிறந்தால் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பதாக நேர்ந்திருந்தான். தெருமுனையில் சப்பரத்தை முட்டுக்கட்டையில் நிறுத்தியிருந்த நேரம் ஓடிவந்து தண்டுக்குக் கீழே தோளை வைத்தான். அவ்வளவுதான். ஒரு கட்டையால் பின்மண்டையில் அடி விழுந்தது. அடித்தவன் லூர்துவின் அண்ணன் அந்தோணி. பக்கத்தில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவன் என் தம்பி.

"சப்பரம் சாயவே இல்லை அக்கா. கண்ணாடி எப்படி உடையும்?" என்றான்.

நேற்றைக்கு மெய் சிலிர்த்த அதே கண்ணாடிதான். அதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது, வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்காக யாரும் தம்பியைப் பலிகொடுப்பதில்லை. நான் என் பேச்சைத் தொடங்கினேன். செத்தவன் திரும்பி வரப்போவதில்லை. அடித்தவன் உன் மச்சான். மனைவி வயிற்றோடு இருக்கிறாள். ஊரில் வேலை காத்திருக்கிறது, நாளைக்கே புறப்படு. பொய் சொல்லச் சொல்லவில்லை, சும்மா இரு என்றுதானே கேட்கிறேன் என்றேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

"மிக்கேல் சம்மனசானவர் ஒரு மனுசனைக் கொன்னாருன்னு ஊர் பூராவும் மெழுகுதிரி கொளுத்துது. அவர் கொல்லலை. நான் பார்த்தேன். நான் சும்மா இருந்தா, இனி எந்த வாயால அவர்கிட்ட வேண்டிக்கிறது? அம்புட்டுத்தான் அக்கா."

பங்குச் சுவாமியாரிடம் போனேன். வயதான பிறதேசத்து மனிதர். இந்தப் புதுமையைத் தாம் பிரசங்கத்தில் ஒருநாளும் சொல்லவில்லை என்றார். இல்லை என்றாவது சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னால் மேலத்தெரு கோயிலைப் பூட்டிவிட்டு வேறு சபைக்குப் போய்விடும், இத்தனை ஆத்துமங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கண் கலங்கினார். பாவமாகத்தான் இருந்தது. கோபமாகவும் இருந்தது. அவர் சொல்வதும் நான் தம்பியிடம் சொன்னதும் ஒரே பேச்சு என்பது திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது.

கடைசியாக லூர்துவைப் பிடித்தேன். அண்ணனைக் காட்டிக்கொடுக்க எந்தத் தங்கைக்கு மனம் வரும்? அவள் அழுதால் அவன் இளகிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மதினி, எங்கண்ணன் அந்தக் கட்டையை எங்க வீட்டு மாட்டுத் தொட்டியிலதான் கழுவுனான். நான் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்பாவும் பார்த்தாரு. தொட்டித் தண்ணியை மாத்தச் சொல்லிட்டு அப்பா சாப்பிட உக்காந்துட்டாரு. இவரும் வாயை மூடிக்கிட்டா, எனக்கு இந்த உலகத்துல ஒரு மனுசன் இல்ல."

அதற்குப் பிறகு நான் யாழ்ப்பாணத்து வேலையைப் பற்றிப் பேசவில்லை.

வழக்குக்கு முதல்நாள் கீழத்தெருவுக்குப் போனேன். சின்னப்பனின் மனைவி சலேத்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே வரச் சொல்ல அவளுக்குத் தயக்கம், நானாகப் போய் உட்கார்ந்தேன். நாளைக்கு யார் யார் சாட்சி சொல்ல வருகிறார்கள் என்று கேட்டேன். யாரும் வரவில்லை என்றாள். போலீசுக்கு முதலில் சொன்னவர்கள் எல்லாரும் இப்போது ஒன்றும் பார்க்கவில்லையாம். "அவுக வயல்ல இறங்கினாத்தேன் எங்களுக்குக் கஞ்சி. வாத்தியாரய்யா மட்டும் போறாக. அவுகளைப் பார்த்தா எங்களுக்குப் பயமா இருக்கும்மா, கும்பிடவும் தோணுது" என்றாள்.

கல்லறைத் தோட்டத்திலும் நடுவே ஒரு சுவர் உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம், எருக்கஞ்செடிகளுக்கு நடுவே, மண் இன்னும் இறுகாத ஒரு மேடு. சலேத்து ஓர் அகலைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் ஊற்ற அவளிடம் எண்ணெய் இல்லை, ரேஷனில் கிடைத்தது தீர்ந்துவிட்டதாம். என் பையில் போத்தல் இருந்தது. பிலோமினா நினைவுக்கு வந்தாள், ரீற்றாவும் வந்தது. எண்ணெய் எரிவதற்குத்தானே, இங்கே எரியட்டும் என்று முழுதையும் ஊற்றினேன். அந்த விளக்குக்கு முன்னால் நான் சொன்ன பரலோக மந்திரம் பாதியில் நின்றுவிட்டது, மீதியைச் சலேத்து சொன்னாள்.

கோர்ட்டில் மேலத்தெரு முழுதும் வந்து நின்றது. நாட்டாமை என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார். தம்பி வேதபுத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். எதிர்க்கட்சி வக்கீல் கெட்டிக்காரர். நீர் கத்தோலிக்கர்தானே, புதுமைகளை நம்புகிறீரா என்று தொடங்கினார். நம்புகிறேன் என்றான். சர்வேசுரனால் ஒரு சுரூபத்தைக் காப்பாற்ற முடியாதா என்றார். முடியும் என்றான். அப்படியானால் இந்தப் புதுமையை மட்டும் மறுக்க உமக்கு யார் கூலி கொடுத்தார்கள், பசுமலையா என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

"ஐயா, புதுமை நடந்திருந்தா நான்தான் முதல்ல கும்பிட்டிருப்பேன்" என்றான் தம்பி. "சப்பரம் சாயலை. என் மச்சான் அந்தோணி கட்டையால அடிச்சார். சின்னப்பன் விழும்போது, தண்டை விட்டுக் கையை எடுத்துட்டேன் சாமின்னு சொன்னான். அது எனக்குக் கேட்டுது."

யாரும் சிரிக்கவில்லை. அவனை வளர்த்தவள் நான், ஆனால் இந்தத் தைரியத்தை நான் ஊட்டவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

தீர்ப்பு நான் ஊர் திரும்பிய பின்பு வந்தது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே சாட்சி, அதுவும் மாமனார் வீட்டோடு மனத்தாங்கல் உள்ளவன் என்று அந்தோணியை விட்டுவிட்டார்கள். மாலை போட்டு ஊருக்குள் கூட்டிவந்தார்களாம். அந்த வருஷம் திருவிழாவுக்கு வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகமாம்.

கிராமத்துக்குத் திரும்ப வழியில்லை. கோர்ட் முடிந்த அன்றே பள்ளிக்கூட அறையிலிருந்த சாமான்களைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மதுரை நகரத்துச் செல்லூரில் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பின்கட்டில் இடம் கிடைத்தது. எந்நேரமும் தறிச் சத்தம், நடந்தால் இரண்டு பக்கமும் தோள் இடிக்கும் சந்து. அங்கேதான் லூர்துக்கு வலி எடுத்தது. அடுத்த வீட்டு நெசவுக்காரி ஓடிவந்து பிள்ளையைப் பிடித்தாள். ஆண்பிள்ளை, அழவேயில்லை. உயிர் இருந்த கொஞ்ச நேரத்துக்குள் தம்பி தானே தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்தான். என்ன பேர் வைப்பது என்று என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் சொல்வதற்குள் லூர்து பாயில் கிடந்தபடியே "மிக்கேல்" என்றாள்.

ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். சம்மனசானவர் இரண்டாவது புதுமை காட்டிவிட்டார் என்றார்கள். லூர்துவின் தாய்கூட வரவில்லை. என்னோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். உபதேசியாராக முன்னே நின்ற தம்பி நகரத்துப் பெரிய கோயிலில் கடைசி வரிசையில்தான் நின்றான், ஆனாலும் அசையவில்லை. சலேத்து எப்போதாவது மதுரைக்கு வந்தால் அவளுக்கென்று தெரிந்த ஒரு வீடு இருக்கவேண்டும், நான் வரமாட்டேன் என்றான். இந்தத் தடவை நான் காதைப் பிடிக்கவில்லை.

தனுஷ்கோடியில் அதே சுங்கக்காரர். போத்தலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, நிரப்பக் கிடைக்கவில்லையா என்று கேட்டார். கிடைத்தது, செலவாகிவிட்டது என்றேன்.

கப்பலில் ஒரு யோசனை வந்தது, மறைக்கமாட்டேன். எண்ணெய் எங்கேயும் கிடைக்கும். யாழ்ப்பாணத்து ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே கடை இருக்கிறது. ரீற்றாவின் கண்ணில் இரண்டு துளி விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? தாய்க்குச் சில மாதம் நிம்மதி. கோர்ட்டில் எழுந்து நின்று சொல்வதுபோலவா இது, ஒரு முற்றத்தில் இரண்டு பெண்பிள்ளைகளுக்குள் நடக்கிற காரியம். வண்டி அந்தக் கடையைத் தாண்டும்வரை கையில் போத்தலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிலோமினா படலையடியில் காத்துநின்றாள். ரீற்றாவின் தலையை வாரி, பூ வைத்து, நல்ல சட்டை போட்டுக் கூட்டிவந்திருந்தாள். நான் வெறும் போத்தலை அவள் கையில் வைத்தேன். முற்றத்து முருங்கைக்குக் கீழே உட்கார்த்தி, கண்ணாடிக் குளோப்பிலிருந்து குழந்தை மிக்கேல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தக்கையைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தாள்.

முடிவில் எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்தாள். "உங்கடை தம்பி கோட்டிலை சொன்னது சரிதான், ரீச்சரக்கா" என்றாள். "எனக்கு நீங்கள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

இருவரும் படலையைத் தாண்டிப் போனார்கள். ரீற்றா சற்று முன் என் குரல் வந்த பக்கம் திரும்பி, முருங்கை மரத்தைப் பார்த்துக் கையசைத்தது.